முதுசொம் யாருக்கு?

முன்னோர் வழிவந்த காணியை முதுசொம் என்கின்றோம். உறுதி எவர் பெயரில் உளதோ அவருக்கே அது என்றும் உரியது எனவும் நம்புகின்றோம். அந்நம்பிக்கையைக் கொக்கோஸ் தீவுகளின் வரலாற்றோடு சற்றே ஒப்பு நோக்குவோம்.

இலங்கைக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே இந்து சமுத்திரத்திற் கிடக்கும் பவளத் தீவுகள் இவை. 1827இல் சேட்லாந்தைச் சேர்ந்த கப்பற்றலைவர் யோன் குளூனிஸ் றொஸ் தம் குடும்பத்துடன் இங்கு குடியேறினார். அலெக்சாந்தர் ஹெயர் என்பவர் முன்னரே கொணர்ந்திருந்த மலாய் மக்களின் உழைப்பினாலே தென்னந்தோட்டங்கள் செழித்தன. 1886இல் விக்டோரியா மகாராணியார், றொஸின் பேரனுக்கும் அவர் வழியினருக்கும் இத்தீவுகளை என்றென்றைக்குமென வழங்கினார்.

ஐந்து தலைமுறையாக அக்குடும்பமே அங்கு அரசு போன்றிருந்தது. தொழிலாளர் பெற்ற கூலியோ, குடும்பத்தார் நடத்திய கடையில் மாத்திரம் செல்லுபடியாகும் வில்லைக் காசு! தீவை விட்டு நீங்கியவர் மீண்டும் வந்து குடியிருத்தலும் இயலாது.

1978இல், அவுஸ்திரேலிய அரசின் நெருக்குதலுக்கு இணங்கி, ஐந்தாந் தலைமுறையினர் தம் மாளிகை நீங்கலாகத் தீவுகளை 62½ இலட்சம் அவுஸ்திரேலிய டொலருக்கு விற்றனர். 'என்றென்றைக்கும்' என்ற சொல்லின் ஆயுள் 92 ஆண்டுகளே.

1984இல் ஐக்கிய நாடுகள் சபையின் பார்வையில் வாக்கெடுப்பு நிகழ்ந்தது. உறுதி எதுவுமில்லாத அம்மலாய் மக்களே பெரும்பான்மையாக நின்று, அவுஸ்திரேலியாவுடன் இணைவதெனத் தீர்த்தனர். இன்றும் அங்கு வேரூன்றி வாழ்வோர் அவர்தம் சந்ததியினரே.

மக்களுக்குக் காணி தேடிவைக்கும் பெற்றோர் இதனைச் சிந்திப்பாராக. அக்காணியில் உழைத்தவர்தம் நல்லெண்ணத்தையும் உடன் வைத்துச் செல்லாவிடின், உறுதி வெறுங் கடதாசியாகவே எஞ்சும்.