மேடுகளை மட்டும் எண்ணாதீர்கள்

தியானப் பகுதி: 1 சாமுவேல் 4:1-22, 7:2-12



ஆண்டின் கடைசி வாரத்திற்கு வந்திருக்கிறோம். டிசம்பர் 31ஆம் தேதி இரவு நம் ஆலயங்கள் நிரம்பி வழியும். பாடல்கள் பாடப்படும், சாட்சி சொல்ல நேரம் ஒதுக்கப்படும், பன்னிரண்டு மணிக்கு ஆலயமணி ஒலிக்கும், புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகள் கையில் தரப்படும். இந்த ஆராதனையை நான் மிகவும் நேசிக்கிறேன். அதனாலேயே, அதற்குள் நாம் குடியேற்றி வளர்த்துவிட்ட ஒரு பொய்யைக் குறித்து இவ்வாரம் எழுதத் துணிகிறேன்.

சாட்சி நேரத்தில் எழுந்து நிற்பவர்கள் யார் என்று கவனித்திருக்கிறீர்களா? வீடு கட்டி முடித்தவர் எழுந்து நிற்பார். மகனுக்கு வெளிநாட்டு விசா கிடைத்தவர் நிற்பார். மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவர் நிற்பார். மருத்துவர்கள் கைவிட்டபின் சுகம் பெற்றவர் கண்ணீரோடு நிற்பார். ஒவ்வொன்றுக்கும் சபை ஸ்தோத்திரம் சொல்லும். சொல்லத்தான் வேண்டும். ஆனால் அதே ஆண்டில், அதே வியாதியில் கணவனைப் பறிகொடுத்த சகோதரி கடைசி வரிசையில், தூணோரமாக அமர்ந்திருப்பார். அவருடைய கணவருக்காகவும் இதே சபைதான் உபவாசித்து ஜெபித்தது. சுகமானவரின் சாட்சியைக் கேட்கக் கேட்க அவர் உள்ளத்தில் ஒரே கேள்வி எழும்: அந்த வீட்டிற்கு வந்த ஆண்டவர் என் வீட்டு வாசலை ஏன் கடந்து போனார்? அந்தக் கேள்வியைக் கேட்க அந்த இரவில் அவருக்கு இடமில்லை. அடுத்த ஆண்டு அவர் வருவதில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று பிள்ளைகள் சொல்லுவார்கள். நாமும் நம்பிவிடுவோம்.

நன்மை பெற்றவர்கள் மட்டுமே சாட்சி சொல்லத் தகுந்தவர்கள் என்று எந்தச் சபைச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. எழுதப்படாத அந்தச் சட்டத்தை நாம் கண்டிப்புடன் கைக்கொள்ளுகிறோம். ஏற்றம் வந்தால் அது கர்த்தரின் கரம். இறக்கம் வந்தால் சோதனை, சாபம், அல்லது விசுவாசக் குறைவு. ஆண்டின் பன்னிரண்டு மாதங்களை இப்படி இரு பத்திகளாகப் பிரித்து, ஒரு பத்தியை மட்டும் ஆலயத்திற்குள் அனுமதிக்கும் இந்த வழக்கத்தை நான் எதிர்க்கிறேன். வேதம் இதற்கு ஆதாரம் தரவில்லை. துக்கப்படுகிறவர்கள்மேல் இது இன்னொரு பாரத்தைச் சுமத்துகிறது.

ஆண்டிறுதியில் நாம் அதிகமாகச் சொல்லும் பெயரையே எடுத்துக்கொள்வோம். எபெனேசர். நம் வீடுகளின் முகப்பில் அதைப் பளிங்குக் கல்லில் பொறித்து வைக்கிறோம். கடன் வாங்கியாவது வீடு எழும்பிவிட்டது என்பதற்கு அது அடையாளமாகிவிட்டது. ஆனால் இந்தப் பெயர் வேதத்தில் முதன்முதலாக வரும் இடத்தை எத்தனை பேர் வாசித்திருக்கிறோம்? 1 சாமுவேல் 4ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலர் பெலிஸ்தரோடு போரிட எபெனேசரில் பாளயமிறங்குகிறார்கள். முதல் போரில் ஏறக்குறைய 4,000 பேர் மடிகிறார்கள். இரண்டாவது போரில் 30,000 காலாட்கள் விழுகிறார்கள். உடன்படிக்கைப் பெட்டி பிடிபடுகிறது. ஏலியின் இரு குமாரரும் மாளுகிறார்கள். செய்தி கேட்ட முதியவர் ஏலி ஆசனத்திலிருந்து மல்லாந்து விழுந்து பிடரி முறிந்து இறக்கிறார். அவருடைய மருமகள், மகிமை போயிற்று என்று பொருள்படும் இக்கபோத் என்னும் பெயரைத் தன் பிள்ளைக்கு இட்டுவிட்டு மரிக்கிறாள். எபெனேசர் என்ற பெயரோடு வேதம் முதலில் சேர்த்து வைத்திருப்பது இந்தத் துயரங்களைத்தான்.

பெட்டி கீரியாத்யாரீமில் தங்கி இருபது ஆண்டுகள் உருண்டோடின. அதன்பின் இஸ்ரவேல் வீட்டார் அனைவரும் கர்த்தரை நினைத்துப் புலம்பினார்கள் என்று 7ஆம் அதிகாரம் சொல்லுகிறது. புலம்பிய ஜனம் மிஸ்பாவில் கூடிற்று. தண்ணீர் மொண்டு ஊற்றி, உபவாசித்து, தன் பாவத்தை அறிக்கையிட்டது. அதற்குப் பிறகே வெற்றி வந்தது. அதற்குப் பிறகே சாமுவேல் அந்தக் கல்லை நாட்டினார். கல் நாட்டப்பட்ட அன்று, மாண்ட 34,000 பேரில் ஒருவரும் எழுந்து வரவில்லை. இக்கபோத்தின் தாயும் திரும்பவில்லை. ஆனாலும் சாமுவேல் அந்தக் கல்லுக்கு வேறொரு வெற்றிப் பெயரைத் தேடவில்லை. 4ஆம் அதிகாரத்தின் கண்ணீரை மறந்துவிட்டு 7ஆம் அதிகாரத்தின் கல்லை நாம் வாசிக்கக்கூடாது என்பதற்காகவே வேதம் அந்த ஒரே பெயரைக் காத்து வைத்திருக்கிறது என்று நம்புகிறேன். புலம்பலை நீக்கிவிட்டு எபெனேசரை மட்டும் எடுத்துக்கொள்ளும் சபை, கல்லை வைத்துக்கொண்டு அதன் கதையைத் தொலைத்துவிட்ட சபை.

அடுத்து, வாக்குத்தத்த அட்டை. வசனத்தைச் சீட்டெடுத்துத் தரும் வழக்கம் புதியதன்று. 1728ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் கிராமத்தில், சின்சென்டார்ஃப் பிரபுவின் தலைமையில் வாழ்ந்த மொரேவிய சகோதரர்கள் நாளுக்கொரு திருவாக்கைப் பெற்று, வீடு வீடாகச் சென்று அறிவித்தார்கள். 1731ஆம் ஆண்டு முதல் அது புத்தகமாகவே அச்சிடப்பட்டு வருகிறது. ஆனால் அவர்கள் அதைப் பயன்படுத்திய விதம் வேறு. காவற்காரனுக்குத் தரப்படும் அடையாளச் சொல்லைப்போல, அன்றைய நாளின் ஊழியத்திற்காக முழுச் சபைக்கும் ஒரே வார்த்தை தரப்பட்டது. அந்த மொரேவியர் 1760இல் நம் தரங்கம்பாடிக்கும் வந்தார்கள். அங்கே தங்களில் பலரை நோய்க்குப் பறிகொடுத்து அடக்கம் செய்தார்கள். அன்றன்றைய திருவாக்கு காய்ச்சலிலிருந்து தங்களுக்கு விலக்குத் தரும் என்று எண்ணி அவர்கள் கப்பலேறவில்லை.

நாமோ, கிளி ஜோசியக்காரனின் கூண்டிலிருந்து வரும் சீட்டைப்போல அந்த அட்டையை நடத்துகிறோம். நல்ல வசனம் வந்தால் முகம் மலருகிறது. எச்சரிக்கும் வசனம் வந்தால் இன்னொன்றை எடுக்கக் கை நீளுகிறது. அச்சிடுகிறவர்களும் எச்சரிக்கை வசனங்களைப் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறார்கள். எரேமியா 29:11 எத்தனை அட்டைகளில் வருகிறது! சமாதானமும் நல்ல முடிவும் உண்டென்று பேசும் வசனம் அது. ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். அதற்கு முந்தின வசனம் எழுபது ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லுகிறது. அக்கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் எருசலேமை மறுபடியும் காணாமலே அந்நிய மண்ணில் கண்மூடியிருப்பார்கள். அதுவரை அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்பதே அவர்களுக்குக் கிடைத்த கட்டளை. எழுபது ஆண்டு வாக்குத்தத்தத்தை முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்குச் சுருக்கி விற்பதற்கு நமக்கு யார் அதிகாரம் கொடுத்தார்கள்?

இது புத்தக அறிவைக் காட்டுவதற்கான வாதமன்று. இந்த ஆண்டு என் வீட்டிலும் மேடும் பள்ளமும் இருந்தன. என் தாயார் ஐந்து மாதம் படுக்கையிலிருந்து ஜூலையில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். அக்டோபரில் என் மகளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. நல்ல மனதுள்ள ஒரு சகோதரர் என்னைத் தேற்றும்படி, "ஐயரே, ஆண்டவர் ஒன்றை எடுத்தார், ஒன்றைக் கொடுத்தார், கணக்குச் சரியாகிவிட்டது" என்றார். அவர் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கை நான் ஏற்றுக்கொள்ள முடியாது. என் தாயார் என் பேரனுக்குக் கொடுக்கப்பட்ட விலையல்ல. என் பேரன் என் தாயாருக்கு ஈடாக வந்தவனும் அல்ல. அவன் முகத்தைப் பார்த்து மகிழும் அதே வேளையில், அவனைத் தூக்கிக் கொஞ்ச அவர்கள் இல்லையே என்று என் நெஞ்சு வலிக்கிறது. இரண்டும் உண்மை. ஒன்று மற்றொன்றை அடித்துவிடுவதில்லை.

யோபின் புத்தகமும் இந்தக் கணக்கைப் போடவில்லை. இரட்டிப்பான ஆசீர்வாதம் என்று நாம் பிரசங்கிக்கும் அந்தக் கடைசி அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். 7,000 ஆடுகள் 14,000 ஆயின; 3,000 ஒட்டகங்கள் 6,000 ஆயின. பிள்ளைகளோ, முன்பு ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளும்; பின்பும் ஏழு குமாரரும் மூன்று குமாரத்திகளுமே. மந்தைக்கு மந்தை ஈடாகும். பிள்ளைக்குப் பிள்ளை எப்படி ஈடாகும்? இடிந்த வீட்டின் கீழ் புதைந்துபோன அந்தப் பத்துப் பேரை யோபு மறந்தான் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை.

நகோமியையும் நினைத்துப் பாருங்கள். மோவாபில் கணவனையும் இரு மகன்களையும் அடக்கம் செய்துவிட்டுப் பெத்லகேமுக்குத் திரும்பியவள், ஊராரின் முன்னே நின்று, நிறைவாகப் போன தன்னைக் கர்த்தர் வெறுமையாகத் திரும்பி வரச் செய்தார் என்று வெளிப்படையாகச் சொன்னாள். தன்னை மாராள் என்று அழைக்கச் சொன்னாள். அப்படிப் பேசாதே என்று எவரும் அவளை அதட்டியதாக ரூத்தின் புத்தகத்தில் இல்லை. அவளுடைய கசப்பான சொற்கள் பரிசுத்த வேதத்திலேயே இடம்பெற்றுவிட்டன. நம் டிசம்பர் 31 ஆராதனையில் அவள் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தால், இரண்டாவது வாக்கியத்திலேயே யாராவது ஒரு பாடலைத் தொடங்கியிருப்பார்கள்.

எல்லாவற்றிலும் ஸ்தோத்திரம் செய்ய வேதம் கற்பிக்கவில்லையா, வனாந்தரத்தில் முறுமுறுத்தவர்கள் தண்டிக்கப்படவில்லையா என்று சிலர் கேட்பார்கள். நேர்மையான கேள்வி. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் கர்த்தரைவிட்டு விலகி எகிப்துக்குத் திரும்பிப் போகும்படி முறுமுறுத்தார்கள். புலம்புகிறவனோ கர்த்தரை நோக்கித் திரும்பி நின்று அவரிடமே முறையிடுகிறான். 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இத்தகைய முறையீடுகளே. ஏமானின் 88ஆம் சங்கீதம் இருளிலேயே தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடைசியில் ஆறுதலான ஒரு வரியைச் சேர்க்க எவரும் துணியவில்லை. ஆனாலும் அதன் முதல் சொல்லிலிருந்து அது கர்த்தரை நோக்கிய ஜெபம். நம் ஆண்டவரே சிலுவையில் தொங்கும்போது 22ஆம் சங்கீதத்தின் முதல் கதறலைத் தம் வாயில் எடுத்துக்கொண்டார். அந்தக் கதறலுக்கு விசுவாசக் குறைவு என்று பெயரிட நமக்குத் துணிவு உண்டா?

துயரத்தில் இருப்பவரிடம் காரணம் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்தபோது, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைக் காட்டிலும் பாவிகளா என்ற கேள்வியை இயேசு தாமே எழுப்பி, இல்லை என்று தாமே மறுத்தார் (லூக்கா 13:4-5). இறந்தவர்களின் கணக்கைப் புரட்ட அவர் இடம் தரவில்லை. கேட்டுக்கொண்டு நின்றவர்களையே மனந்திரும்ப அழைத்தார். நாமோ அடுத்த வீட்டின் பள்ளத்திற்கு விளக்கம் சொல்ல முந்திக்கொள்ளுகிறோம்.

ஆகையால், ஊழியத்தில் உடன் நிற்கும் போதகர்களையும் சபை மூப்பர்களையும் மூன்று காரியங்களுக்காகக் கேட்டுக்கொள்ளுகிறேன். இந்த ஆண்டு சாட்சி நேரத்திற்கு முன், ஆண்டு முழுவதும் நாம் அடக்கம் செய்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசியுங்கள். ஒவ்வொரு பெயருக்குப் பின்னும் சற்று அமைதி நிலவட்டும். 88ஆம் சங்கீதத்தை முழுமையாக வாசியுங்கள். விளக்கம் சொல்லாமல் விட்டுவிடுங்கள். சென்ற ஆண்டு வந்து இந்த ஆண்டு வராதவர்கள் யாரென்று பட்டியலிட்டு, 31ஆம் தேதிக்கு முன்னரே அவர்கள் வீட்டிற்குச் சென்று அமருங்கள். அறிவுரை வேண்டாம். யோபின் நண்பர்கள் ஏழு நாள் வாய்திறவாமல் உட்கார்ந்திருந்தவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தார்கள்.

வீடு கட்டியவர்களே, சுகம் பெற்றவர்களே, உங்கள் சாட்சியை நிறுத்தச் சொல்லவில்லை. எழுந்து நின்று கர்த்தரை மகிமைப்படுத்துங்கள். ஆனால் எழுந்திருக்குமுன் கடைசி வரிசையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அங்கே அழுதுகொண்டிருப்பவரும் உங்கள் சரீரத்தின் அவயவமே. இழந்துபோனவர்களே, உங்களுக்குச் சொல்லுகிறேன்: சொல்ல நன்மை எதுவும் இல்லையென்று வீட்டில் தங்கிவிடாதீர்கள். அழுகையோடு வாருங்கள். இருளிலிருந்து நீங்கள் அவரைக் கூப்பிடுவதும் சாட்சிதான்.

ஜெபிப்போம்: எங்கள் ஆண்டவரே, எங்கள் ஆண்டின் மேடுகளையும் பள்ளங்களையும் நீர் அறிவீர். நாங்கள் எண்ணிச் சொன்னவைகளையும், சொல்லக் கூடாமல் விழுங்கியவைகளையும் அறிவீர். அழுகிறவர்களுக்கு உமது ஆலயத்தில் இடம் உண்டாக்கும். மகிழுகிறவர்களுக்குக் கனிந்த இதயத்தைத் தாரும். லாசருவின் கல்லறை அருகே கண்ணீர் விட்ட இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், எங்கள் ஜீவனுள்ள பிதாவே. ஆமென்.