பச்சோந்தி வளர்ப்பு: வருமானத்திற்கு முன் பொறுப்பு

கோழியும் ஆடும் வளர்த்துக் குடும்ப வருமானத்தைப் பெருக்கியவர்கள் நம் தோட்டப்புற முன்னோர். பால்மரக் காடுகளை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்குக் குடிபெயர்ந்ததும் அவ்வழக்கம் குறைந்துவிட்டது. இன்றோ, தஞ்சோங் ரம்புத்தான் போன்ற சிற்றூரில் இருப்பவரும் கைப்பேசி வழியாகவே அயல்நாட்டுப் பிராணிகளை வாங்கலாம். அவற்றுள் பச்சோந்தியும் ஒன்று. அதனை இனப்பெருக்கம் செய்து விற்றால் எளிதில் பணம் ஈட்டலாம் எனச் சிலர் எண்ணுகின்றனர். பச்சோந்தி வளர்ப்பை அடியோடு தடுக்க வேண்டுமென நான் கூறவில்லை. பிறக்கும் ஒவ்வொரு குஞ்சுக்கும் பொறுப்பேற்க இயலாதவர் அதில் இறங்கக் கூடாது என்பதே என் கருத்து.

முதலாவதாக, பச்சோந்தி நம் மண்ணுக்குரியதன்று. வேலியோரம் நிறம் மாறும் ஓணானைப் பலர் பச்சோந்தி என்று அழைத்தாலும் அது வேறு இனம். உலகிலுள்ள 200க்கும் மேற்பட்ட பச்சோந்தி வகைகளில் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கர் தீவில் வாழ்கின்றன. கென்யாவின் குளிர்ந்த மலைகளில் வாழும் மூன்று கொம்புப் பச்சோந்தி, கிந்தா பள்ளத்தாக்கின் வெப்பத்தில் வாடிவிடும். பெரும்பாலான பச்சோந்திகள் கிண்ணத்து நீரைக் குடிப்பதில்லை. இலையில் படியும் நீர்த்துளிகளையே நக்கிக் குடிக்கும். புற ஊதாக் கதிர் தரும் விளக்கும் சுண்ணாம்புச் சத்தும் இல்லாவிடில் எலும்புகள் வளைந்துவிடும். நிறம் மாறுவதைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால், கருமை படர்வது பல வேளைகளில் அதன் அச்சத்தின் அறிகுறியாகும்.

இரண்டாவதாக, இனப்பெருக்கம் எளிதான தொழிலன்று. வளர்ப்பவர்கள் அதிகம் விரும்பும் ஏமன் நாட்டுப் பச்சோந்தி, ஒரே தடவையில் 20 முதல் 70 முட்டைகள் வரை இடக்கூடும். அவை பொரிக்க ஆறு மாதத்திற்கும் மேலாகும். 40 குஞ்சுகள் பொரித்தன என்று வைத்துக்கொள்வோம். குஞ்சொன்றுக்கு நாளுக்குப் பத்துச் சிறு சில்வண்டுகள் என்றாலும் 400 தேவை. பச்சோந்தி தனித்து வாழும் இயல்புடையது. ஆகவே, வளர வளர ஒவ்வொன்றுக்கும் தனிக்கூண்டு வேண்டும். முட்டை வெளிவராமல் தாய் இறப்பதும் உண்டு. இச்செலவுகளைக் கழித்துப் பார்த்தால் எஞ்சும் இலாபம் எவ்வளவு?

மேலும், விற்பனையில் சட்டமும் அடங்கியுள்ளது. அருகிவரும் உயிரினங்களின் வாணிபத்தை நம் நாட்டில் 2008ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. 2017ஆம் ஆண்டு மே மாதம், மடகாஸ்கரிலிருந்து கடத்தி வரப்பட்ட 330 ஆமைகள் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தில் பறிமுதல் செய்யப்பட்டன. விலை மலிவாக இருக்கிறதென்று ஆவணமில்லாப் பிராணியை வாங்குபவர், இத்தகைய கடத்தலுக்கே துணைபோகிறார். எனவே, வாங்குமுன்னும் விற்குமுன்னும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையிடம் உரிமம் பற்றிக் கேட்டறிவது கடமையாகும்.

வளர்க்க முடியாத பிராணியைக் காட்டில் விட்டுவிடலாமே எனச் சிலர் கேட்கலாம். அது தீர்வாகாது. 1972ஆம் ஆண்டு ஹவாய்த் தீவுக்குக் கொண்டுவரப்பட்ட மூன்று கொம்புப் பச்சோந்திகள் தப்பிப் பெருகின. இன்று அவை அங்கு மட்டுமே வாழும் அரிய நத்தைகளையும் உண்கின்றன.

முறையான வளர்ப்பால் நன்மையும் உண்டு. வீட்டில் பிறந்த பச்சோந்தி கிடைக்குமாயின், காட்டில் பிடிக்கப்படுபவை குறையும். ஆனால், ஆழம் அறிந்தே காலை விட வேண்டும். ஒரு பச்சோந்தியை அதன் ஆயுள் முழுதும் நன்கு பேணிப் பழகிய பின்னரே இனப்பெருக்கத்தைப் பற்றி எண்ண வேண்டும். வாங்குபவரிடம் கூண்டும் விளக்கும் உள்ளனவா எனக் கேட்காமல் விற்கக் கூடாது. மாணவர்களே, முட்டைகளை எண்ணிப் பணத்தைக் கணக்கிடுமுன், அத்தனை உயிர்களையும் காக்க நம்மால் முடியுமா என்று சிந்திப்போம்.