கழுத்துப் பின்னலில் ஒளிந்திருக்கும் கணக்கு

ஆவடி என்றதும் டாங்கிதான் நினைவுக்கு வரும். அதே ஊரில் 1961-இல் தொடங்கப்பட்ட படைத்துறை உடைத் தொழிற்சாலையும் இருக்கிறது. 2021 முதல் அது ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் லிமிடெட் என்ற அரசு நிறுவனத்தைச் சேர்ந்தது. அம்பத்தூரிலோ ஏற்றுமதிக்கு ஆடை தைக்கும் கூடங்கள். உங்களில் சிலருடைய அக்காவோ அத்தையோ அங்கே வேலைக்குப் போகலாம். இருந்தும், "தையலும் பின்னலும் பெண்பிள்ளைகள் சமாசாரம், கணக்கு வேறு" என்ற எண்ணம் நம்மை விட்டுப் போகவில்லை. அது தவறு என்பதற்கு ஒரு பழைய ஸ்வெட்டர் குறிப்பே போதும்.

பூந்தமல்லி வெயிலில் ஸ்வெட்டரா என்று சிரிக்காதீர்கள். மார்கழி விடியலில் பால் வாங்கப் போகும் தாத்தாவைக் கேளுங்கள், சொல்வார்.

தையற்காரர் துணியைக் கத்தரித்துக் கழுத்தை உண்டாக்குகிறார். கையால் பின்னுகிறவர் அப்படிக் கத்தரிக்க முடியாது; வெட்டினால் கண்ணிகள் அவிழ்ந்துவிடும். ஆகவே பின்னும்போதே கண்ணிகளை எண்ணிக் குறைத்துத்தான் வடிவம் கொண்டுவர வேண்டும். மெல்லிய கம்பளி நூலில் ஓர் அங்குல அகலத்துக்கு 7 கண்ணி, ஓர் அங்குல உயரத்துக்கு 9 வரிசை வருவதாகக் கொள்வோம்.

தோளுக்குப் பழைய குறிப்புகள் இந்த மாதிரி சொல்லும்: கைப்பக்க ஓரத்தில், ஒன்றுவிட்டு ஒரு வரிசையில், 7 கண்ணியாக 5 முறை முடிக்கவும். ஏதோ மந்திரம் போலிருக்கிறது அல்லவா? 7 × 5 = 35 கண்ணி, அதாவது 5 அங்குலத் தோள். முதல் படிக்கும் ஐந்தாம் படிக்கும் இடையே 8 வரிசை, ஏறக்குறைய ஓர் அங்குலம். ஐந்துக்கு ஒன்று என்ற சரிவு! ஒன்றுவிட்டு ஒரு வரிசை ஏன்? நூல் எந்த ஓரத்தில் இருக்கிறதோ அங்கேதான் முடிக்க முடியும். அது அந்த ஓரத்துக்குத் திரும்பிவர இரண்டு வரிசை ஆகும்.

முன்கழுத்து இன்னும் சுவையானது. நடுவில் 14 கண்ணிகளை ஒரேயடியாக முடிக்க வேண்டும். பிறகு இருபுறமும், வரிசைக்கு ஒரு கண்ணி வீதம் 6 முறையும், ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் ஒரு கண்ணி வீதம் 4 முறையும் குறைக்க வேண்டும். அப்புறம் குறைக்காமல் நேராக மேலே போக வேண்டும். மொத்தம் 34 கண்ணி, அதாவது 5 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. இப்போது கோணங்களைக் கணக்கிடுங்கள். அடியில் 0 பாகை; வரிசைதோறும் குறைக்கும்போது சுமார் 38; ஒன்றுவிட்டுக் குறைக்கும்போது சுமார் 57; கடைசியில் 90. நான்கு நேர்கோடுகள் சேர்ந்து ஒரு வளைவாகிவிட்டன! கல்லூரியில் நுண்கணிதம் படிக்கும்போது இதே யுக்தியை மீண்டும் சந்திப்பீர்கள்.

கணக்குப் புரியாமல் குறிப்பை அப்படியே பின்பற்றினால் என்ன ஆகும்? பழைய குறிப்புகள் பலவும் ஒரே ஓர் அளவுக்கு எழுதப்பட்டவை. உங்கள் தம்பியின் தோள் 4 அங்குலம்தான் என்றால், ஸ்வெட்டர் தோளைவிட்டு வழியும். புரிந்தவரோ 28 கண்ணியை 6, 6, 6, 5, 5 என்று தாமே பிரித்துக்கொள்வார். சிறு குழந்தைக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது; கழுத்து இறுக்கமாக இருந்தால் தலை நுழையாது. அதனால்தான் குழந்தை ஸ்வெட்டரில் ஒரு தோளைத் திறந்துவிட்டுப் பொத்தான் வைப்பார்கள்.

கோபுரத்தின் நிழலை வைத்து மட்டும் கோணம் கற்பிப்பது போதாது என்பது என் கருத்து. கணக்கு வகுப்பில் ஒரு நாள் ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கழுத்தை வரைந்து பார்க்கட்டும். ஒரு எச்சரிக்கை: சாதாரணச் சதுரக் கட்டத்தாள் உதவாது. கண்ணி உயரத்தைவிட அகலமானது. சதுரக் கட்டத்தில் வரைந்தால் கழுத்து உள்ளதைவிட ஆழமாகத் தெரியும். அகலம் 9, உயரம் 7 என்ற விகிதத்தில் கட்டங்களை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.