கூத்தப்பெருமான் திருமேனியும் கொள்முதல் ஆராய்ச்சியும்

சைவத் திருவுருவங்களை விலைக்கு வாங்கிக் கண்ணாடிப் பேழையுள் நிறுத்திப் ‘புதிய சேர்க்கை’ என விளம்பரஞ் செய்தல் மேனாட்டு அருங்காட்சியகங்களின் நெடுநாள் வழக்கம். அவ்வழக்கிற்கு அரண் செய்வார் கூறும் நியாயங்கள் கேட்டற்கு இனியன, ஆராயின் நில்லாதன.

கான்பெரா நகரத்து ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ஆம் ஆண்டிற் சோழர்காலக் கூத்தப்பெருமான் திருமேனியொன்றை ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கிற்று. அது அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் பிருகதீசுவரர் கோயிலுக்குரியது. 2006-இல் களவு போயது. பொருள் 1972-ஆம் ஆண்டுச் சட்டம் பிறக்குமுன்னரே இந்தியாவை நீங்கிற்றென விற்றவன் பத்திரம் காட்டினான். பத்திரம் பொய். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் தாமே புதுதில்லிக்கு வந்து திருமேனியை ஒப்புவிக்க நேர்ந்தது. நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004-இல் வாங்கியிருந்த விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரர் கற்றிருவுருவும் அன்றே உடன் ஒப்புவிக்கப்பெற்றது.

‘பூசையொழிந்து பாழ்பட்ட கோயிலில் இருந்த உருவம் உடையவரில்லாப் பொருளன்றோ’ என்பர் அக்கட்சியார். அன்று. திருவுருவம் சட்டத்தின் முன் ஓர் ஆளாய் நிற்கவல்லது, அதன் உரிமை கருதப்படல் வேண்டும் என இலண்டன் பிரிவி கவுன்சில் 1925-லேயே தீர்ப்புரைத்தது. 1976-இல் மண்ணினின்று வெளிப்பட்ட பத்தூர்க் கூத்தப்பெருமானைக் கனடா நாட்டுக் கம்பெனியொன்று விலைக்குக் கொண்டபோது, இடிந்து கிடந்த பத்தூர்க் கோயிலே வாதியாய் அந்நகரத்து மன்றேறிற்று. 1988-இல் வென்றது, 1991-இல் மேல்முறையீட்டிலும் வென்றது. பூசை நின்றது கொண்டு உரிமை நின்றதென்பார்க்கு ஆங்கிலேயரது நீதிமன்றமே விடை கூறிவிட்டது.

‘எங்களிடம் இருந்தமையாலன்றோ செம்பு அழியாது நின்றது’ என்பது அவரது இரண்டாம் படை. கள்வன் கையில் உளியைக் கொடுத்தது எது? 50 லட்சம் டாலர். வாங்குவார் இல்லையேல் பூட்டை உடைப்பாரும் இலர். தாமே மூட்டிய நெருப்பினின்று தாமே மீட்டதாகப் பெருமை பேசுதல் நகைப்பிற்கிடம்.

இனி, சித்தாந்தத்தையே படையாக எடுப்பாரும் உளர். ‘எங்கும் நிறைந்த பொருளென்று கூறும் நீவிர் ஒரு செம்புத் துண்டிற்காக ஏன் வருந்துகின்றீர்?’ என்பது அவர் வினா. பசுவின் உடல் முழுதும் பாலுக்கு இடமேயாயினும் கன்று மடியையே நாடும், கொம்பை நாடாது. எங்கும் நிறைந்தோன் அன்பர்க்கு விளங்கி அருளும் இடங்களாகத் திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவஞானபோதப் பன்னிரண்டாம் சூத்திரம் விதந்து கூறியதன் கருத்து இதுவே. ஊர், குளம், திருவிழா, திருமுழுக்கு, தோளில் எழுந்தருளப் பண்ணும் அடியார் ஆகிய அனைத்தொடும் கூடியது உற்சவ மூர்த்தம். அவற்றினின்று பிரித்த உருவத்தைக் காண்பவர் வார்ப்புத் தொழிலின் செம்மையைக் காண்பர். அதனை ஒருவரும் மறுத்திலர்.

அருங்காட்சியகத்தார் மிகப் பெரிதாகப் பேசுவது ஆராய்ச்சி. வாங்கிய பின்னர் நூற்றாண்டு குறிப்பர், பாணி குறிப்பர், உலோகக் கலப்பு அளப்பர். எவ்வூர்க் கோயிலது என்ற ஒரு வினாவை மட்டும் வாங்குமுன் உசாவார். உசாவுதல் அரிதோ? 1955-இல் தோன்றிய புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழகக் கோயில்தோறும் நடந்து திருவுருவங்களைப் படம் பிடித்து வைத்தனர். அத்தொகுதியில் 1,00,000-க்கு மேற்பட்ட படங்கள் உள. ஸ்ரீபுரந்தான் கூத்தப்பெருமான் படமும் களவிற்குப் பல்லாண்டு முன்னரே அதிற் சேர்ந்திருந்தது. ஈற்றிற் பொய்ப்பத்திரத்தை வீழ்த்தியது அதுவே. ஆக்ஸ்போர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகம் 1967-இல் ஏலத்தில் எடுத்த திருமங்கையாழ்வார் திருவுருவத்திற்கும் 1957-இல் எடுத்த படமே சான்றாயிற்று. அதனைத் திருப்பித் தரப் பல்கலைக்கழகம் 2024-இல் இசைந்தது. அது வைணவர் பொருளாயினும் நியாயம் ஒன்றே. வெயிலில் நடந்து ஊர்ப்பெயர் எழுதிக்கொண்டோர் செய்ததே கள ஆராய்ச்சி. விலைகொடுத்த பின் செய்வது பொருளுக்கு மெருகிடுதல்.

இவ்வளவும் பிறரைக் கூறியது. சைவரிடத்துக் குற்றம் இல்லையோ? 1951-இல் வெளிப்பட்ட சிவபுரத்துக் கூத்தப்பெருமான் பழுது நீக்கத்தின் பொருட்டு வெளியே சென்று, போலியாய்த் திரும்பினார். உண்மை உருவம் கோயிலில் இல்லையென்பதை 1965-இல் வெளியிட்டுரைத்தவர் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்து டக்ளஸ் பாரெட். நாள்தோறும் தீபம் காட்டியவர் அல்லர். உண்மைத் திருமேனி அமெரிக்கா சென்று 1986-இல் மீண்டது. மீண்ட மூர்த்தங்கள் பலவும் இன்று இருப்பதெங்கே? அரசினரது பாதுகாப்பு மையங்களில், இரும்புக் கதவிற்குள், தத்தம் ஊர்த் திருமுழுக்கும் விழாவும் இன்றி. கண்ணாடிச் சிறை இரும்புச் சிறையாயிற்று. கள்வர் தீண்டிய உருவம் பூசைக்காகாதெனச் சிலர் கூறும் சாக்கும் செல்லாது. பிராயச்சித்தமும் சம்புரோட்சணமும் ஆகமங்கள் விதித்தவையே. வேண்டுவது காவலொடு கூடிய கோயிலும், காவலுக்குப் பொருள் தரும் ஊராரும்.

ஸ்ரீபுரந்தானில் 2006-இல் நிகழ்ந்த களவு வெளிப்பட்டது 2008-இல். இடைப்பட்ட ஈராண்டில் எத்தனை திருவாதிரை, எத்தனை பிரதோடம் வந்து சென்றன! அக்கதவைத் திறந்து பார்க்க ஒருவரும் சென்றிலர்.