பல் தேய்ஞ்சா பிடுங்கித்தான் ஆகணுமா?

கோயில் பக்கத்தில் பல்லைப் பற்றி எதற்குப் பேச்சு என்று சிலர் கேட்கலாம். அன்னதானத்தில் பரிமாறுகிற எங்களுக்குத்தான் தெரியும். வடையை ரசத்தில் ஊறப்போட்டு, பாதியைச் சாப்பிட்டு, மீதியை இலைக்கு அடியில் ஒளித்து வைக்கிற பெரியவர்கள் எத்தனை பேர்! கேட்டால், "பல்லு தேஞ்சு போச்சுப்பா, கூசுது" என்பார்கள்.

அவர்களில் ஒரு பாட்டிக்கு முன்பற்கள் எல்லாம் பாதி உயரத்துக்குத் தேய்ந்துவிட்டன. ஆட்டமில்லை, ஈறும் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு கிளினிக்கில் "எல்லாத்தையும் பிடுங்கிட்டு செட்டுப் பல் போட்டுக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். பாட்டியும் வயசாச்சு, போகட்டும் என்று தலையாட்டிவிட்டார். மகள்தான் விடாமல் இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் ஒரு பல்லையும் பிடுங்கவில்லை. பல் நிறத்திலேயே இருக்கும் கம்போசிட் என்ற பொருளைத் தேய்ந்த பல்லின் மேல் ஒட்டி, நீல வெளிச்சம் காட்டி இறுக வைத்து, பழைய உயரத்துக்குக் கட்டிக் கொடுத்தார்.

எங்கள் கருத்து இதுதான்: தேய்ந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஆடாத பல்லைப் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள். முழு உறை, அதாவது கிரவுன், போடுவதற்கு முன்னாலும் ஒரு கேள்வி கேளுங்கள். கிரவுனுக்காகச் சுற்றிலும் அராவும்போது ஈறுக்கு மேலே தெரிகிற பல்லில் மூன்றில் இரண்டு பங்கு வரை போய்விடலாம். ஏற்கெனவே தேய்ந்த பல்லில் மிச்சம் என்ன இருக்கும்? கம்போசிட்டுக்குப் பெரும்பாலும் அராவவே தேவையில்லை, பல ஊசி கூட இல்லாமல் முடிந்துவிடும். கோபுரத்தில் சுதைச் சிலைக்கு விரல் உடைந்தால் ஸ்தபதி விரலைத்தான் சேர்க்கிறார், சிலையை உடைப்பதில்லை.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பாட்டி இதில்தான் பயந்து போனார். முன்பல்லை உயர்த்திக் கட்டியதும் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. "கெடுத்துட்டாங்க" என்று எங்களிடம் வந்து ஒரே அழுகை. அது கெட்டுப்போனதல்ல. 1970களில் நார்வே நாட்டுப் பல் மருத்துவர் டால் எழுதிவைத்த முறை அது. சில மாதங்களில் கடைவாய்ப் பற்கள் மெல்ல நகர்ந்து தானாகவே சேர்ந்துகொள்ளும். அதுவரை கஞ்சி, இட்லி. பேச்சு கொஞ்சம் குழறும். பாட்டிக்கு இப்போது சேர்ந்துவிட்டது.

எல்லாருக்கும் இது ஒத்துவராது. பல் ஆடினால், வேரில் சீழ் வைத்தால், சொத்தை ஆழமாகப் போயிருந்தால் வேறு வழிதான். கம்போசிட்டும் நிரந்தரமில்லை, சில வருஷத்தில் ஓரம் பெயரும், திரும்பப் பூச வேண்டும். கோயிலுக்கே 12 வருஷத்துக்கு ஒருமுறை திருப்பணி செய்கிறோமே.

ஆனால் தேய்ந்த காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கட்டினால் கட்டினதும் தேயும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கு இரவில் மாட்டிக்கொள்ளும் கார்டு வேண்டும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் உள்ளவர்கள் அதற்கும் வைத்தியம் பார்க்கணும். தோட்டத்தில் வளர்ந்த தலைமுறை கரித்தூளும் உப்பும் வைத்துத் தேய்த்த கை, இன்றைக்கும் பிரஷ்ஷை அதே வேகத்தில் அழுத்துகிறது. கொட்டைப் பாக்கு இன்னொரு பக்கம். எங்கள் மேலும் குற்றம் உண்டு: தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் நாள் முழுக்க எலுமிச்சை ஜூஸ் ஊற்றுவது நாங்கள்தானே! வாங்கிக் குடியுங்கள், ஆனால் மணிக்கணக்கில் சப்பிக்கொண்டே இருக்க வேண்டாம். குடித்ததும் பச்சைத் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், உடனே பல் துலக்காதீர்கள்.

எங்கே போவது? அரசாங்கப் பல் கிளினிக்கில் முதலில் காட்டுங்கள். தேவைப்பட்டால் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். தலைநகர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகத்திலும் யூகேஎம்மிலும் பல் மருத்துவப் பிரிவுகள் உண்டு. காத்திருக்க வேண்டிவரும், பரவாயில்லை. உள்ளே போனதும், "பல்லை எடுக்காம, ரொம்ப அராவாம, மேலே ஒட்டிக் கட்ட முடியுமா டாக்டர்?" என்று கேளுங்கள். முடியாது என்றால் ஏன் என்று கேட்கவும் தயங்க வேண்டாம்.

தனியாகப் போகப் பயப்படும் பெரியவர்கள் வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் அன்னதானக் கூடத்தில் எங்களிடம் சொல்லுங்கள். கூட்டிப்போக ஆள் இருக்கிறது. வடை சாப்பிட முடியாதவர்களுக்கு இந்த வாரத்திலிருந்து குழைந்த பொங்கலும் தனியாக வைக்கிறோம், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.