நடந்த பாதையைக் காதால் கேட்போம்



பள்ளி விடுமுறையில் மூதூருக்குப் போயிருந்தேன். 1977 கலவரத்தில் லயனை விட்டு ஓடி, வவுனியாவில் சில வருடம் இருந்து, பிறகு மூதூர்ப் பக்கம் வந்து சேர்ந்த என் பெரியம்மா அங்கேதான் இருக்கிறார். எழுபது தாண்டியும் விறகுக்குக் காட்டோரம் போகிறவர். நானும் கூடப் போனேன்.

"இந்தப் பாலை மரத்தடியிலதான் தம்பி, 2006ல ஷெல் அடிச்சப்ப ராத்திரி பூரா கெடந்தோம். அந்தா, அந்தப் பத்தைக்குள்ளதான் எங்க கெணறு" என்று காட்டினார். விலக்கிப் பார்த்தால் கிணற்றுக்கட்டு இருந்தது. போன் என் கையில்தான் இருந்தது. மரத்தைப் படம் எடுத்தேன், கிணற்றைப் படம் எடுத்தேன். அவர் சொன்னதைப் பதிவு செய்யத் தோன்றவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவனின் புத்தி அவ்வளவுதான்.

அதே மூதூரில் இன்னொரு மரத்தின் கதை உலகத்துக்கே தெரியும். 1660ல் கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பலின் கப்டனையும் அவர் மகன் ரொபர்ட் நொக்சையும் கண்டி மன்னனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். தகப்பன் சிறையிருப்பிலேயே இறந்தார். மகன் ஏறத்தாழ 20 வருடம் கழித்துத் தப்பி, 1681ல் லண்டனில் புத்தகம் போட்டார். அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்துக்கு வெள்ளைக்காரன் மரம் என்று பேர் வைத்து நினைவுக்கல்லும் நட்டார்கள். நடட்டும், அதில் நமக்குக் கோபமில்லை. ஆனால் நம் ஆட்கள் செத்து விழுந்த மரங்களுக்கு எந்தக் கல் இருக்கிறது?

கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர் மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்தார்கள். வாந்திபேதியும் பசியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொன்றன. நடக்க முடியாதவர்களை விட்டுவிட்டுப் போனார்கள். மலையக மக்களின் 200ஆவது ஆண்டையொட்டி 2023 ஜூலை 28ல் தலைமன்னாரில் தொடங்கி, ஓகஸ்ட் 12ல் மாத்தளையில் முடிந்த நடைபயணம் அந்தப் பாதையைத் திரும்ப நடந்து காட்டியது. நடந்தவர்கள் வீடு திரும்பிவிட்டார்கள். இன்று அந்த ரோட்டில் பஸ்ஸில் போகிற நம் பிள்ளைக்கு, இந்தக் காட்டுக்குள் என்ன நடந்தது என்று யார் சொல்வது?

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஒலி நடை என்று சொல்லலாம். கனடாவில் ஜனெட் கார்டிஃப் என்ற கலைஞர் 1991ல் தன் முதல் ஒலி நடையைக் காட்டுக்குள்தான் செய்தார். இப்போது பல நாடுகளில் ஊர்க்காரர்களே செய்கிறார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு பாதையில் ஏழெட்டு இடங்களைக் குறித்துக்கொள்வது, ஒவ்வோர் இடத்துக்கும் அந்த இடத்தை அறிந்தவரின் குரலைப் பதிவு செய்வது. நடக்கிறவர் போனில் அந்தந்த இடத்தில் கேட்டுக்கொண்டு போவார். காட்டில் சிக்னல் இருக்காது, அதனால் முதலிலேயே போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது ஒரு தோழர், "சம்பளத்துக்கே வழியக் காணோம், நீங்க கதை கேக்கச் சொல்றீங்க" என்றார். நியாயமான கேள்விதான். என் பதில் காணியைப் பற்றியது.

சண்டையில் விட்டுப்போன வயலும் தோட்டமும் சில வருடத்தில் பற்றைக்காடாகிவிடும். திரும்பி வந்தவர்களிடம் 'இது காடு, அரச நிலம்' என்று எல்லைக்கல்லைக் காட்டிய கதை வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ ஊர்களில் உண்டு. மூதூருக்குப் பக்கத்துச் சம்பூரைப் பாருங்கள். சனம் 2006ல் ஓடியது, 2007ல் ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது, நிலம் விடுபட 2015 ஆயிற்று. இப்படிப்பட்ட இடத்தில் பத்துப் பேர் தனித்தனியாக, இன்ன கிணறு, இன்ன வாய்க்கால், இன்னாருடைய வேலி என்று அதே இடத்தில் நின்று தேதியோடு சொன்ன பதிவு இருந்தால், அங்கே யாரும் குடியிருக்கவில்லை என்று சொல்வது லேசல்ல. அது உறுதிப் பத்திரத்துக்கு ஈடாகாது, தெரியும். ஆனால் 1948ல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று கடதாசி கேட்டபோது வெறுங்கையோடு நின்ற சனம் நாம். மலைக்காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஏழு பேர்ச் காணிக்கு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எந்த மலையில் முதல் மரத்தை யார் வெட்டினார்கள் என்று கேள்விப்பட்ட கடைசித் தலைமுறை இப்போது நம் லயன்களில் இருமிக்கொண்டு படுத்திருக்கிறது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். மூதூர்க் காட்டில் பாட்டாளிபுரம், நல்லூர் பக்கத்து ஆதிக்குடிகள் தேனெடுத்துப் பிழைக்கிறார்கள். எந்த மரத்தில் தேன், எங்கே அவர்கள் சாமி என்பதெல்லாம் ஊருலகத்துக்குச் சொல்கிற சங்கதியல்ல. சண்டைக் காலக் கதைகளிலும் சொன்னவருக்கே ஆபத்தாகக்கூடியவை இருக்கும். எதை வைப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்க வேண்டியவர் சொன்னவர்தான். இன்று சரியென்றவர் நாளை வேண்டாமென்றால் அழித்துவிட வேண்டும். சுற்றுலாக் கம்பனிக்கு விற்கிற சரக்காகவும் இது ஆகக்கூடாது.

தோட்டக் கமிட்டிகளிடம் சங்கம் கேட்பது இதுதான். ஒவ்வொரு தோட்டத்திலும் இரண்டு இளைஞர்கள், முடிந்தால் ஒருவர் பெண்பிள்ளையாக, ஒரு போனோடு முன்வரட்டும். வயதானவர்களை வீட்டில் உட்கார வைத்துக் கேட்காதீர்கள். நடக்க முடிந்தவரை அந்த இடத்துக்கே கூட்டிப்போங்கள். இடத்தைப் பார்த்தால்தான் பேச்சு வரும், அதை நான் மூதூரில் கண்டேன். காற்றில்லாத காலை நேரம் நல்லது. அவர் பேச்சை நீங்கள் திருத்த வேண்டாம், 'பிரட்டு' என்றால் பிரட்டுதான். தேதியும் இடமும் முதலில் சொல்லி, இரண்டு மெமரி கார்டில் பிரதி எடுத்து, ஒன்றைக் கிளைக் காரியாலயத்தில் கொடுங்கள்.

பெரியம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன், அடுத்த விடுமுறையில் வருகிறேன், திரும்ப அந்தக் கிணற்றடிக்குப் போவோம் என்று. "வெள்ளம் வர்றதுக்கு முன்னால வா, அப்பறம் பாதை இருக்காது" என்றார்.