டப்பியில் அடைத்த முருங்கை

கீரைக்கார அம்மாள் தெருவில் கூவினால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். அதே கீரையில் உள்ள சத்தை ஒரு கம்பெனி மாத்திரையாக்கி, டப்பியில் அடைத்து, 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று சீட்டு ஒட்டி விற்றால் கேட்ட விலையைக் கொடுத்து வாங்குகிறோம். இதற்கு நாகரிகம் என்று பெயர்!

பீட்டா கரோட்டினைத்தான் சொல்கிறேன். காரட்டுக்கும் மாம்பழத்துக்கும் நிறம் கொடுக்கிற வஸ்து அது. கீரையிலும் உண்டு, பச்சை அதை மறைத்துவிடுகிறது. உடம்பு இதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்கிறது. மாலைக்கண் வராமல் காப்பது அந்த வைட்டமின்தான். இது சீமைச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். 1918-ல் நம் குன்னூரில் மக்காரிசன் என்ற டாக்டர் தொடங்கிய ஆராய்ச்சிக்கூடந்தான் பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிலையம் ஆயிற்று. அதன் பழைய அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள்: 100 கிராம் காரட்டில் கரோட்டின் 1,890 மைக்ரோகிராம்; முருங்கைக் கீரையில் 6,780! கொல்லையில் முருங்கை நிற்க, நாம் காரட் அல்வாவைச் சத்துணவு என்று மெச்சிக்கொள்கிறோம்.

"மாத்திரையும் இருந்துவிட்டுப் போகட்டுமே, ஐயா! கெடுதல் என்ன?" என்பீர்கள்.

கெடுதல் உண்டு. பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை. 1994-ல் முடிவு வெளியாயிற்று. மாத்திரை தின்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. நூற்றுக்குப் பதினெட்டு விகிதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் புகை பிடிப்பவர்களுக்கும் ஆஸ்பெஸ்டாஸில் உழைத்தவர்களுக்கும் இதையும் வைட்டமின் ஏ-யையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அங்கே நூற்றுக்கு இருபத்தெட்டு! 1996-ல் சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள்.

இப்போது எர்ணாவூருக்கு வாருங்கள். ஒரு பக்கம் கண்டெய்னர் லாரிகளின் புழுதி, இன்னொரு பக்கம் ஆலைப் புகை, நடுவில் பீடியும் இருமலுமாக ஒரு தொழிலாளி. அவர் கையில் இந்த டப்பியைத் திணித்து, "புகைக்கு மாற்று" என்று சொல்வது அறியாமை மட்டுமல்ல, அக்கிரமம்.

கீரையே சர்வரோக நிவாரணி என்று உபதேசம் செய்கிறவர்களோடும் எனக்குச் சண்டைதான். 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்து இந்தப் பக்கத்து வீடுகளுக்குள் புகுந்தது. சுவரில் படிந்த அந்தக் கறுப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தவர்களிடம் போய், "முருங்கை சாப்பிடுங்கள், நுரையீரலுக்கு நல்லது" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? புகைபோக்கிக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தை மனிதனின் வயிற்றுக்குச் செய்து கணக்கை முடித்துவிடப் பார்க்கிறார்கள்.

முருங்கையைச் சோற்றோடு பிசைந்து சாப்பிடுங்கள், பசிக்காக, ருசிக்காக, குழந்தையின் கண்ணுக்காக. ஒரு கரண்டி நல்லெண்ணெயில் வதக்குங்கள். கொழுப்பு இல்லாவிட்டால் கரோட்டின் உடம்பில் சரியாகச் சேராது. டப்பிக்காரன் இதைச் சொல்லமாட்டான்.